இடம் மாறிய அம்புக்குறி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே, காலை ஏழரை மணிக்கு இது நடந்தது.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் யாருக்கும் புரிகிறது. சொன்னாலும் பாதிப் பேருக்குப் புரிவதில்லை. நான் ஒரு பிசிஷியன் அசிஸ்டென்ட். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. இதற்கென்றே தனியாகப் படித்துவிட்டு வந்து, எலும்பு மூட்டு மற்றும் விளையாட்டுக் காயங்கள் பிரிவில் பெரிய டாக்டரோடு சேர்ந்து வேலை பார்க்கிறேன். வரும் நோயாளியிடம் முதலில் பேசி விவரம் எழுதுவது, மாவுக்கட்டு போடுவது, தையல் பிரிப்பது, ஆபரேஷனில் கூட நிற்பது, அதற்குப் பிறகு எப்படி நடக்க வேண்டும், எப்படி உட்காரக் கூடாது என்று புரியவைப்பது எல்லாம் என் பொறுப்பு. நோயாளிகள் என்னை டாக்டரம்மா என்பார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும் "நான் டாக்டர் இல்லைங்க" என்று திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு தொண்டைத்தண்ணி வற்றியதுதான் மிச்சம் என்று விட்டுவிட்டேன். என் மாமியார் மட்டும் இன்றுவரை சொந்தக்காரர்களிடம் "டாக்டருக்கு எடுபிடி வேலை" என்றுதான் சொல்கிறார். அவரைத் திருத்த யாராலும் முடியாது.

பன்னிரண்டு வருட அனுபவம் அப்போது எனக்கு. எள் என்றால் எண்ணெயாக நிற்பவள் என்று டாக்டரே மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். குறிப்பாக நோயாளிகளிடம் பேசுவதில். மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் பத்து நிமிடப் பேச்சு ஒன்று தயாராக இருந்தது. "ஆபரேஷன் பண்ண காலை இனி முழுசா மடக்கக் கூடாது. சப்பணம் போடக் கூடாது. தரையில உட்காரக் கூடாது. கல்யாண வீட்டில் பந்திப் பாயில் கூப்பிட்டாலும் டேபிள்தான் வேணும்னு சண்டை போடுங்க" என்று நடித்துக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தால் புரிந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொள்வேன்.

அந்த அம்மாவும் சிரித்தார்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். மீனை வாங்குபவர்களுக்கு அங்கேயே அரிந்தும் கொடுப்பார். இருபத்தெட்டு வருடமாக அதே இடம். இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தன. இடது முட்டி ரொம்ப மோசம். எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு ஒட்டிக்கொண்டு நின்றது, காலும் வில்லாக வளைந்திருந்தது. வலது முட்டி அந்த அளவுக்கு இல்லை. முதலில் இடது, ஒரு வருடம் கழித்துத் தேவைப்பட்டால் வலது என்று டாக்டர் முடிவு செய்தார். தேதியை அந்த அம்மாதான் சொன்னார். தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மார்க்கெட்டில் வரத்து குறைவு, அந்த இரண்டு மாதத்துக்குள் முடித்துவிட்டால் பிழைப்பு கெடாது என்று கணக்குப் போட்டிருந்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் வார்டுக்குப் போய், எந்தப் பக்கம் ஆபரேஷனோ அந்தக் காலில் கறுப்பு மார்க்கரால் அம்புக்குறி போட்டு வைப்பது எங்கள் பழக்கம். பக்கம் மாறிவிடக் கூடாது என்பதற்காக. மறுநாள் தியேட்டருக்குள் போகும் முன் அந்த அம்பையும் சம்மதப் படிவத்தையும் நான் ஒத்துப் பார்ப்பேன். அதற்கப்புறம் டாக்டர் பார்ப்பார். அன்று நான்கு பேருக்குப் போட்டேன். பக்கத்து வார்டில் தசைநார் கிழிந்து படுத்திருந்த ஒரு கபடி வீரரைப் பார்க்க அவருடைய டீமே வந்து கூத்தடித்துக்கொண்டிருந்தது. அவர்களைச் சமாளித்துக்கொண்டே வேகவேகமாக அம்பு போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். குளிக்கும்போது அதைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

மறுநாள் காலை அந்த அம்மாவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துத் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். படிவத்தில் 'இடது' என்று இருக்கிறது. போர்வையை விலக்கினேன். அம்புக்குறி வலது காலில் இருந்தது.

மறுபடி படிவத்தைப் பார்த்தேன். மறுபடி காலைப் பார்த்தேன். இடது காலில் ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருந்தது. நேற்று கபடிப் பையன்களோடு வாயாடிக்கொண்டே பக்கம் மாற்றிப் போட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூட நடக்காத தப்பு. டாக்டருக்கு இது தெரிந்தால் என்ன நினைப்பார், வருஷக்கணக்காக வாங்கிய நல்ல பேர் என்ன ஆகும் என்று மனசு அங்கேதான் ஓடியது. நோயாளியைப் பற்றி அந்த நிமிடத்தில் நான் யோசிக்கவே இல்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சுற்றிப் பார்த்தேன். வண்டியைத் தள்ளி வந்தவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். தியேட்டர் உள்ளே பாத்திரங்களை எடுத்துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து டிரேயில் ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் இருந்தன. அழித்துவிட்டு இடது காலில் போட அரை நிமிடம் போதும். படிவத்தில் இடது என்றுதானே இருக்கிறது, யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பஞ்சை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அம்பின் தலைப்பகுதி பாதி போயிருக்கும்.

அப்போது அந்த அம்மாவின் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடி என்றால் பிடி, மீன் அரிகிற கை. நான் நிமிர்ந்து பார்த்தேன். ஊசி எதுவும் இன்னும் போடவில்லை, நல்ல தெளிவாகத்தான் இருந்தார்.

"அழிக்காதம்மா," என்றார் மெதுவாக. "அது நீ போட்டது இல்ல. நான் போட்டது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். விடியற்காலை குளிக்கும்போது நான் போட்ட அம்பின் மேல் தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து எடுத்திருக்கிறார். பிறகு தன் சுருக்குப்பையில் இருந்த மார்க்கரால் வலது காலில் வரைந்திருக்கிறார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீன் பெட்டியில் அடையாளம் போட அந்த மார்க்கரை எப்போதும் வைத்திருப்பாராம். உண்மையைச் சொன்னால், அவர் போட்ட அம்பு என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.

எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது, தப்பு என்மேல் இல்லை என்று. அடுத்து கோபம் வந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள், இது என்ன விளையாட்டா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நீதானம்மா சொன்ன, கத்தி வச்ச காலை அப்புறம் மடக்கக் கூடாதுன்னு. இடது காலை மடக்காம நான் எப்படிம்மா அருவாமனையில உக்கார்றது? வலது காலு நீட்டி வைக்கிற காலு. அதப் பண்ணிக்குங்க. இடது வலிக்குதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா மடங்குது. அது போதும் எனக்கு."

நான் பஞ்சை டிரேயில் வைத்தேன்.

"அன்னிக்கே கேட்டேனே உன்ன," என்றார்.

ஆமாம், கேட்டார். இரண்டாவது முறை வந்தபோது, வலது காலை முதலில் செய்தால் ஆகாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி, "நீங்க சொல்றதைக் கேட்கறதா, இந்தப் படம் சொல்றதைக் கேட்கறதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவரும் சிரித்தார். அதோடு பேச்சு முடிந்தது. எனக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது, ஏனென்றால் அன்று நான் சொன்ன பதில் எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

உள்ளேயிருந்து மயக்க மருந்து டாக்டர், ரெடியா என்று குரல் கொடுத்தார். அப்போதும் ஒரு வழி இருந்தது. மீதி அம்பையும் துடைத்துவிட்டு, "எல்லாம் டாக்டர் பார்த்துப்பாரும்மா" என்று சொல்லி உள்ளே தள்ளியிருக்கலாம். அந்த அம்மாவும் அதற்குமேல் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். என் மணிக்கட்டை விட்டுவிட்டு அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி உன் இஷ்டம் என்பதுபோல. அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் வண்டியைத் தள்ள முடியவில்லை.

கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அம்பை மாற்றியது, ஏன் மாற்றினார் என்பது, என் தப்பு என்று நினைத்து நான் அழித்துக்கொண்டிருந்தது. கடைசி விஷயத்தைச் சொல்லும்போது என் குரல் தானாகவே இறங்கிவிட்டது.

அவர் குழாயை மூடினார். "அழிச்சிட்டு இருந்தியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் சார் என்றேன். அவர் வெளியே வந்து அந்த அம்மாவின் அருகில் நின்று, எப்படி உட்கார்ந்து மீன் அரிவீர்கள் என்று காட்டச் சொன்னார். அந்த அம்மா தள்ளுவண்டியிலேயே எழுந்து உட்கார்ந்து, இடது காலைப் பல்லைக் கடித்து மடக்கி, வலது காலை நீட்டிக் குதிகாலால் இல்லாத அரிவாள்மனையை அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் இல்லாத மீனை அரிந்து காட்டினார். தியேட்டர் உடுப்பில் அதைப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார். ஓரளவு நல்லாயிருக்கிற காலில் முதலில் கத்தி வைக்கவும் தன்னால் முடியாது, இடது காலைப் பண்ணி அவர் பிழைப்பைக் கெடுக்கவும் முடியாது என்று அந்த அம்மாவிடமே பொறுமையாகச் சொன்னார். கபடி வீரரை முதலில் எடுத்துக்கொண்டோம்.

திட்டு சாயங்காலம்தான் விழுந்தது. இரண்டே நிமிடம். தப்பு யாருக்கும் வரும், வந்தால் வந்து சொல், பஞ்சைத் தேடாதே என்றார். அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் போகும்போது அவர் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் தயாராக இல்லை. "நம்ம ஸ்போர்ட்ஸ் ஃபார்ம்ல ஒரு பக்கம் இருக்கே, அது ஏன் அந்த அம்மாவுக்கு இல்ல?"

விளையாட்டுக்காரர்கள் வந்தால் அவர்களுக்கென்று தனியாக ஒரு பக்கம் நிரப்புவோம். எந்தக் காலால் உதைப்பீர்கள், எந்தக் காலை ஊன்றித் தாவுவீர்கள், எவ்வளவு குனிய வேண்டும், எந்த மாதம் போட்டி என்றெல்லாம் அதில் இருக்கும். அந்த வாரம்தான் பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் முட்டி வலியோடு வந்திருந்தார். தினமும் சாயங்காலம் நண்பர்களோடு இரும்புக் குண்டு வீசும் பெத்தாங்க் என்ற ஆட்டம் ஆடுகிறவர். குண்டை வீசும்போது குந்தி உட்காருவீர்களா, நின்றா, எந்தக் கால் முன்னால் என்று அவரிடம் அரை மணி நேரம் கேட்டு வரைபடமே போட்டு வைத்திருந்தேன். அவர் பொழுதுபோகாமல் ஆடுகிறவர். இந்த அம்மா இருபத்தெட்டு வருடமாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்தவர். அவர் ஃபார்மில், தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதியிருந்தேன். என் கையெழுத்துதான்.

மறுநாள் அவரை வீட்டுக்கு அனுப்பினோம். துணிக்கடையில் வேலை பார்க்கும் அவருடைய மகள், லீவு போட்டு வந்த ஆத்திரத்தில், மானத்தை வாங்கிட்டியே என்று அம்மாவைத் திட்டிக்கொண்டே கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் பக்கம் வா, எப்படி உக்கார்றேன்னு பாரு என்றார்.

போனேன். என் வீடு நெல்லித்தோப்பில்தான், ஸ்கூட்டரை எடுத்தால் பத்து நிமிடம். மார்க்கெட்டில் மீன் வாங்குவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அதுவரை நான் மீனைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் உட்கார்ந்திருக்கிறவர்களின் கால்களைப் பார்த்தேன். தடைக்காலம் என்பதால் நாட்டுப்படகு மீனும் வெளியூர் ஐஸ் மீனும்தான் கொஞ்சம் இருந்தன. வரிசையாக ஏழெட்டுப் பெண்கள். அரிகிறவர்கள் எல்லோருக்கும் இடது கால் மடங்கியிருந்தது, வலது கால் நீண்டிருந்தது. அதில் மூன்று பேருக்கு இடது கால் வில்லாக வளைந்திருந்தது. இது இந்த ஊரில் நான் பிறந்து வளர்ந்த காலம் முழுக்க என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது.

அந்த அம்மா எழுந்து, என்னைத் தன் பலகையில் உட்காரச் சொன்னார். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சங்கரா மீனைக் கையில் கொடுத்தார். செதில் எடுப்பதற்குள்ளேயே கால் மரத்துவிட்டது. பத்து நிமிடத்தில் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. வரிசை மொத்தமும் சிரித்தது. "முட்டி டாக்டருக்கே முட்டி புடிச்சிக்கிச்சி" என்று எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல். அப்புறம் ஒவ்வொருவராகப் புடவையைத் தூக்கி முட்டியைக் காட்ட ஆரம்பித்தார்கள். மீன் தண்ணீரில் குந்தியபடி ஒரு மணி நேரம் அங்கேயே பார்த்தேன். கிளம்பும்போது காசு வாங்காமல் அரைக் கிலோ நெத்திலி கட்டிக் கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பையில் போட்டார்கள்.

உயரமாக உட்கார்ந்து அரிய முடியாதா என்று அன்றே கேட்டேன். கட்டையும் கத்தியும் வைத்து நின்றுகொண்டு வெட்டுகிறவர்கள் மார்க்கெட்டில் இருக்கத்தானே செய்கிறார்கள் என்றேன். அந்த அம்மா தலையை ஆட்டினார். கத்தி அவருக்குப் பழக்கமில்லை; அரிவாள்மனையில்தான் கை போகும். அதை மேசைமேல் வைத்தால் காலால் அழுத்த முடியாது, ஆடும். அதைவிட முக்கியமாக, வரிசையில் எல்லோரும் கீழே உட்கார்ந்திருக்கும்போது தான் மட்டும் உயரத்தில் உட்கார்ந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வழக்கமான பழக்கம். பிறகு வாயை மூடிக்கொண்டு, யோசித்துச் சொல்லுங்கக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இத்தனை நாள் அம்மா, அம்மா என்று சம்பிரதாயத்துக்குக் கூப்பிட்டவள், அக்கா என்று கூப்பிட்டது அன்றுதான்.

யோசித்தது அவர்தான். அவருடைய தம்பி தேங்காய்த்திட்டில் படகு வேலை பார்க்கும் ஆசாரி. தடைக்காலத்தில்தான் படகுகளை எல்லாம் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள்; அவருக்குத் தலைக்குமேல் வேலை. தினமும் போய் நின்று நச்சரித்து, ஒரு பெஞ்சுப் பலகையில் அரிவாள்மனையைப் போல்ட் போட்டு முடுக்க வைத்திருக்கிறார். முதல் முறை செய்தது ஆடியது. ஒரு வாடிக்கையாளரின் வஞ்சிரம் கோணல்மாணலாகப் போய், அவர் கத்திவிட்டுப் போனாராம். இரண்டாவது முறை தம்பி பெஞ்சின் கால்களை அகலமாக்கி, அடியில் இரும்புப் பட்டை கொடுத்தார். அது அசையவில்லை. எதிரே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். பக்கத்துப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்றால், இரண்டு நாள் "கலெக்டரம்மா வந்துட்டாங்க" என்று கிண்டல் செய்தார்கள். மூன்றாம் நாள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

பெஞ்சு கைக்குப் பழகி, மூன்று வாரம் கழித்து, மகளோடு மருத்துவமனைக்கு வந்தார். தடைக்காலம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

"இப்ப ரெண்டு காலும் எனக்கு ஒண்ணுதான்," என்றார். "உன் படம் எந்தக் காலைச் சொல்லுதோ அதப் பண்ணு."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்பு போடப் போனேன். மார்க்கரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். இடது முட்டிக்கு மேல் அவரே நிதானமாக வரைந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அதன் கீழே தன் பேரின் முதல் எழுத்தைப் போட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாளே வாக்கரைப் பிடித்து நடந்தார். பயிற்சிக்கு மட்டும் ஏமாற்றுவார். பத்து முறை காலைத் தூக்கச் சொன்னால் ஆறோடு நிறுத்திவிட்டுப் பத்து என்பார். மகள் எண்ண ஆரம்பித்த பிறகுதான் சரியானது.

ஆவணி மாதம் மார்க்கெட்டுக்குப் போனபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அரிந்துகொண்டிருந்தார். கால் நேராக இருந்தது. அந்த வரிசையில் இன்னும் இரண்டு பெஞ்சுகள் முளைத்திருந்தன. தம்பி ஆசாரிக்குப் புதுத் தொழில் ஒன்று கிடைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், "என் டாக்டரம்மா" என்றார். வழக்கமாக அதைக் கேட்டால் எனக்குள் ஒரு பெருமை வரும். பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான், நான் டாக்டர் இல்லக்கா, அசிஸ்டென்ட் என்று மறுபடி திருத்தினேன். இருக்கட்டுமே, அதனாலென்ன என்று மீனைத் திருப்பிப் போட்டார்.

இப்போது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் அந்த ஸ்போர்ட்ஸ் பக்கத்தை நிரப்புகிறோம். எப்படி உட்காருவீர்கள், எதைத் தூக்குவீர்கள், எந்தக் கால் இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும் என்று கேட்கிறேன். பூக்கட்டுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், கோயிலில் பிரகாரம் சுற்றுகிறவர் எல்லோரும் காட்டித்தான் சொல்கிறார்கள். சிலர் என் அறையின் தரையிலேயே உட்கார்ந்து காட்டுகிறார்கள். நேரம் ஆகிறது, வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் வேலை எனக்கு முன்னைவிடப் பிடித்திருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஒவ்வொரு நாளும் ஏதாவது இருக்கிறது. மாமியார்கூட இப்போது கேட்கிறார், இன்றைக்கு யார் எப்படி உட்கார்ந்து காட்டினார்கள் என்று.

அன்று அந்தக் கை என் மணிக்கட்டைப் பிடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில சமயம் நினைப்பேன். பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. ஆபரேஷன் நன்றாகவே முடிந்திருக்கும். எக்ஸ்ரே அழகாக இருந்திருக்கும். மூன்று மாதம் கழித்து அவர் நேராக நடந்து வந்து காட்டியிருப்பார். நாங்களும் முழு வெற்றி என்று எழுதிவைத்திருப்போம். பெரிய மார்க்கெட்டில் ஓர் இடம் காலியானது எங்களில் யாருக்கும் தெரிந்தே இருக்காது. அதற்கு முந்தைய பன்னிரண்டு வருடங்களில் அப்படி எத்தனை வெற்றிகளை என் கையால் எழுதியிருக்கிறேனோ என்று தோன்றும் நாட்களில், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டு, அவர் பதிலை முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.